ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்

“ஒண்ணாம் வகுப்புலேருந்து இங்கிலீஷ் படிக்கிறான் டீச்சர். இப்ப பதினொண்ணாம் வகுப்பு. ஒரு லீவு லெட்டர் எழுதச் சொன்னா முழிக்கிறானே, ஏன்?”

கட்டுகஸ்தோட்டை, மஹியாவ, கலஹா என்று எங்கே போனாலும் பெற்றோர் என்னிடம் கேட்பது இதைத்தான். கண்டி மாவட்டத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் சனி, ஞாயிறுகளில் என் வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். தோட்டத்து லயத்திலிருந்து வருகிற பிள்ளை, அக்குறணையிலிருந்து வருகிற பிள்ளை, கண்டி நகரத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று வசதியிலும் வளர்ப்பிலும் வேறுபட்டவர்கள் அவர்கள். ஆனால் கொப்பிகளைப் பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே பிழைகள். சோம்பலோ மந்தமோ காரணம் என்றால் பிழைகள் ஆளுக்கு ஒரு விதமாக இருந்திருக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அங்கே இருப்பது தமிழ்.

பிள்ளை தன் மனதில் ஊறிய தமிழ் இலக்கணத்தைக் கொண்டுதான் ஆங்கில வாக்கியத்தை அமைக்கிறது. அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் பயன்படுத்திக்கொள்ள முடியும். தமிழ்மொழிமூல வகுப்புகளில் ஆங்கில இலக்கணத்தைத் தமிழில், தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு விளக்க வேண்டும் என்பதே என் கட்சி. ‘ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே’ என்று பழகிவிட்டவர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்காகவே காரணங்களை விரித்துச் சொல்கிறேன்.

தமிழுக்கு ஏற்கெனவே தெரிந்தவை

‘ஐ டிட் நொட் வென்ட்’ என்று பிள்ளை எழுதுகிறது. நேற்று நடந்த விஷயம், ஆகவே ‘வென்ட்’ என்று போட வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டி ‘கோ’ என்று திருத்துகிறார். ‘டிட்’ வந்தால் அடுத்த வினை முதல் வடிவத்தில் வரும் என்று விதியைச் சொல்கிறார். பிள்ளை விதியை மனப்பாடம் செய்கிறது. அடுத்த கிழமை மறுபடியும் ‘வென்ட்’ என்று எழுதுகிறது.

அந்தப் பிள்ளையைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். ‘நேற்று பாடசாலைக்குப் போனேன்’ என்பதை மறுத்துச் சொல் என்றால் ‘போகவில்லை’ என்று உடனே பதில் வரும். ‘போனேன் இல்லை’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘போனேன்’ என்பதில் இருந்த இறந்தகாலம் ‘போகவில்லை’யில் எங்கே? காணோம். வினை ‘போக’ என்ற எச்ச வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. மறுக்கும் வேலையை ‘இல்லை’ எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்திலும் இதுவே நடக்கிறது: ‘வென்ட்’ மறுப்பில் ‘கோ’ ஆகிறது, மறுக்கும் வேலையை ‘டிட் நொட்’ செய்கிறது. காலத்தை ‘டிட்’ சுமப்பது ஒன்றுதான் வித்தியாசம். இதைக் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். விளங்கிய பிள்ளைக்கு விதி தேவைப்படாது. தன் வாயில் இருக்கிற வாக்கியமே சாட்சி.

‘வன் ஒஃப் மை ஃப்ரெண்ட்’ என்பது இன்னொரு நாட்பட்ட பிழை. ‘ஒருவன்’ என்று வந்துவிட்டதே, பிறகு ஏன் பன்மை என்று பிள்ளை நினைக்கிறது. தமிழில் அதே பிள்ளை ‘என் நண்பர்களில் ஒருவன்’ என்றுதான் எழுதும். ‘என் நண்பனில் ஒருவன்’ என்றால் அதற்கே சிரிப்பு வரும். பலரிலிருந்துதான் ஒருவனைப் பிரிக்க முடியும் என்ற நியாயம் இரண்டு மொழிக்கும் பொது.

‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதுகிறவர்களுக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. நாளைக்கு வரப்போகிற மழையைப் பற்றிப் பேசும்போதும் நாம் ‘மழை பெய்தால்’ என்கிறோம். எதிர்காலம் காட்டும் ‘பெய்யும்’ என்ற வடிவத்தோடு ‘ஆல்’ சேராது. நிபந்தனைக்குள் எதிர்காலத்தைத் தமிழ் விடுவதில்லை. ஆங்கிலமும் அங்கே ‘வில்’லை உள்ளே விடுவதில்லை.

‘ஷீ கோ’ என்று எழுதும் பிள்ளை, தமிழில் ‘அவள் போகிறேன்’ என்று ஒருநாளும் சொல்லாது. எழுவாய்க்கு ஏற்ப வினை மாற வேண்டும் என்ற உணர்வு தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. நான், நீ, அவன், அவள், அது, அவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் வினையின் வாலை மாற்றிப் பழகிய பிள்ளை அது. பேச்சுச் சிங்களத்தில் இந்த மாற்றம் இல்லை. ‘மம யனவா’, ‘எயா யனவா’ என்று யாருக்கும் ஒரே ‘யனவா’தான். ஆகவே இந்த ஓர் இடத்தில் நம் பிள்ளைகள் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள். நிகழ்காலத்தில் இந்த மாற்றத்தை ஆங்கிலம் ஒரே ஓர் எழுத்தில்தான் வைத்திருக்கிறது. ஹீ, ஷீ, இட் என்று படர்க்கை ஒருமை வரும்போது வினையின் கடைசியில் ஓர் ‘எஸ்’. பெயரின் கடைசியில் வரும் ‘எஸ்’ பலரைக் காட்டும், வினையின் கடைசியில் வரும் ‘எஸ்’ ஒருவரைக் காட்டும். இந்த இரண்டும் கலந்துபோவதால்தான் ‘த போய்ஸ் பிளேய்ஸ்’ பிறக்கிறது. இரண்டு ‘எஸ்’களும் வேறு வேறு என்று தமிழில் ஒரு தடவை தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பிள்ளைகளைக் கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வருகிறது.

‘எ’யும் ‘த’வும்

தமிழில் இல்லாதது, ஆகவே தமிழருக்குப் பிடிபடாது என்று எல்லோரும் கைவிடுவது ‘எ’, ‘த’ என்ற சின்னச் சொற்களை. அச்சொற்கள் தமிழில் இல்லை என்பது உண்மை. அவை காட்டும் பொருள் வேறுபாடு தமிழில் இருக்கிறது.

‘கடிதம் எழுதினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கடிதத்தை எழுதிவிட்டேன்’ என்றும் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு கடிதம். இரண்டாவதில், கேட்பவருக்கும் தெரிந்த, எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த அந்தக் கடிதம். இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ அஃறிணைப் பெயரோடு சேரும்போது பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறது. முதலாவது ‘எ லெட்டர்’, இரண்டாவது ‘த லெட்டர்’.

கண்டிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசி வளர்கிறவர்கள் அவர்கள். சிங்களத்தில் ‘பொத்த’ என்றால் குறித்த அந்தப் புத்தகம். ‘பொத்தக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘லமயா’ அந்தப் பிள்ளை. ‘லமயெக்’ யாரோ ஒரு பிள்ளை. ஆங்கிலம் முன்னால் வைப்பதைச் சிங்களம் பின்னால் ஒட்டுகிறது. கடையில் ‘பொத்தக்’ கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘எ புக்’ என்று எழுதத் தெரியாமல் போவதற்கு நியாயமே இல்லை. தெரிந்த மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆள் இல்லாததுதான் குறை.

இடப்பெயர்களுக்கு முன்னால் ‘த’ போடுவதற்கு மட்டும் தமிழ் கைகொடுக்காது. அதற்கு எங்கள் ஊர் வரைபடம் போதும். கண்டி, பேராதனை, ஹந்தானை என்ற பெயர்களுக்கு முன்னால் ‘த’ வராது. ‘கண்டி லேக்’குக்கும் வராது. ஆறு என்பதால் மகாவலிக்கு வரும். பல சிகரங்கள் சேர்ந்த மலைத்தொடர் என்பதால் நக்கிள்ஸுக்கு வரும். தனி மலையின் பெயருக்கு வராது. ‘பெரதெனியா யூனிவர்சிட்டி’ என்றால் வேண்டாம். ‘யூனிவர்சிட்டி ஒஃப் பெரதெனியா’ என்று திருப்பினால் முன்னால் ‘த’ வந்து நிற்கும். 1821 இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவின் ஆங்கிலப் பெயர் பன்மைப் பொதுப்பெயரில் முடிகிறது, அதனால் அதற்கும் ‘த’ உண்டு. பிள்ளை தினமும் கடந்து போகும் இடங்களை வைத்தே இந்தப் பாடத்தை முடித்துவிடலாம்.

தமிழ் வேறு பக்கம் இழுக்கும் இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழ் சரியான வழிக்குக் கொண்டுபோகும் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அது வேறு பக்கம் இழுக்கிறது. அந்த இடங்கள் எவை என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை முன்கூட்டியே எச்சரிக்கலாம்.

தளபாடங்கள், தகவல்கள், உபகரணங்கள் என்று தமிழ் இவற்றை எண்ணுகிறது. ஆங்கிலம் எண்ணாது. ஆகவே ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள். பாடசாலைப் பிள்ளை மட்டுமல்ல, அலுவலகக் கடிதம் எழுதும் படித்தவர்களும் எழுதுகிறார்கள். எண்ணாத பொருள்களின் பட்டியலைத் தமிழ்ப் பன்மையோடு சேர்த்தே கொடுத்தால் இந்தப் பிழை நின்றுவிடும்.

தமிழில் ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ ஒன்றே எல்லா இடத்தையும் சமாளிக்கிறது. கண்டியில் இருக்கிறேன், பஸ்ஸில் இருக்கிறேன், பஸ் தரிப்பிடத்தில் இருக்கிறேன் என்போம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘இன்’, இரண்டாவதற்கு ‘ஒன்’, மூன்றாவதற்கு ‘அட்’. ஓர் உருபு மூன்றாகப் பிரிகிறது என்று முதலில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது எல்லாவற்றுக்கும் ‘இன்’ போட்டுக்கொண்டே இருக்கும்.

‘அவனிடம் கேட்டேன்’ என்பதிலுள்ள ‘இடம்’ ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் ஹிம்’ ஆகிறது. ‘அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’, ‘டிஸ்கஸ்ட் எபவுட்’ ஆகிறது. இந்த இரண்டு ஆங்கில வினைகளுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். நேராகப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். தமிழிலும் ‘அவனைக் கேட்டேன்’ என்று சொல்வதுண்டு. அந்த ‘ஐ’யை நினைவில் வைத்துக்கொள் என்பேன்.

‘என்று’ என்ற சொல் தமிழுக்குப் பெரிய பலம். பிறர் சொன்னதை அப்படியே தூக்கி வாக்கியத்துக்குள் வைத்துவிடலாம்: ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’. ஆங்கிலத்தில் அப்படித் தூக்கி வைக்க மேற்கோள் குறி வேண்டும். குறி இல்லாவிட்டால் கேள்வி தன் கேள்வி உருவத்தை விட்டுச் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வர வேண்டும். ‘ஆர் யூ’ என்று இருந்தது ‘ஐ வோஸ்’ என்று திரும்ப வேண்டும். ‘ஹீ ஆஸ்க்ட் மீ வெயர் ஆம் ஐ கோயிங்’ என்ற பிழையின் வேர் நம் ‘என்று’.

அதேபோல ‘கிறு’ என்ற இடைநிலை. ‘மழை பெய்கிறது’ என்றால் இப்போது பெய்கிறது என்றும் பொருள், வழக்கமாகப் பெய்கிறது என்றும் பொருள். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. பிரிக்கத் தெரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘இங்’ போட்டு ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’ என்கிறது. அறிவது, உடையது, விரும்புவது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அந்தப் பொருளில் அவற்றுக்கு ‘இங்’ ஒட்டாது என்பதைத் தமிழில் சொன்னால்தான் அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டும்.

காற்புள்ளியும் அப்போஸ்ட்ரஃபியும்

நிறுத்தக்குறிகள் வகுப்பில் அதிகம் புறக்கணிக்கப்படுகின்றன. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் வேறு எந்த இலக்கணமும் நிற்காது.

‘காலையில் எழும்பி, பல் துலக்கி, தேத்தண்ணீர் குடித்து, பஸ் ஏறி, பாடசாலைக்கு வந்தேன்.’ இதில் எழும்பி, துலக்கி, குடித்து, ஏறி எல்லாம் வினையெச்சங்கள். முற்று ஒன்றே ஒன்று: ‘வந்தேன்’. எச்சங்களே வாக்கியத்தைக் கோத்துக்கொண்டு போவதால் தமிழில் காற்புள்ளிக்கு அதிக வேலை இல்லை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் சிதறாது. இதே பிள்ளை ஆங்கிலத்தில் ‘ஐ கொட் அப், ஐ பிரஷ்ட் மை டீத், ஐ டிராங்க் டீ’ என்று காற்புள்ளியாலேயே கோத்துக்கொண்டு போகிறது. அங்கே ஒவ்வொன்றும் முற்று. முற்றுக்களை வெறும் காற்புள்ளியால் கோப்பதை எழுத்து ஆங்கிலம் பிழையாகவே கொள்ளும். ஒன்றில் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், அல்லது ‘அண்ட்’, ‘பட்’ போன்ற இணைப்புச் சொல் வேண்டும். முற்று எது, எச்சம் எது என்று தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு இந்த விதியை ஒரே வாக்கியத்தில் கொடுக்கலாம்: முற்று முடிந்த இடத்தில் நின்று பார்.

அப்போஸ்ட்ரஃபி எங்கள் நகரத்தை ஆட்டிவைக்கிற குறி. தலதா வீதியிலிருந்து பேராதனை வீதி வரை நடந்தால், பன்மைக்கு அதைப் போட்ட பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். பன்மைக்கு அந்தக் குறி வேண்டாம். ‘கள்’ளுக்கு வெறும் ‘எஸ்’. ‘இன்’னுக்குத்தான் குறி. ‘மாணவனின்’ என்பதில் ஒருமைக்குப் பிறகு ‘இன்’ வருகிறது; ஆங்கிலத்தில் ‘ஸ்டூடன்ட்’ என்று எழுதி முடித்து, குறியைப் போட்டு, ‘எஸ்’ஸைச் சேர்க்க வேண்டும். ‘மாணவர்களின்’ என்பதில் ‘கள்’ வந்து முடிந்த பிறகு ‘இன்’ வருகிறது. ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மையை முடித்துவிட்டு அதற்குப் பிறகு குறி. ‘இன்’ எங்கே வருகிறதோ அங்கே குறி. ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மை. அதனால் அதற்குப் பிறகு குறியும் ‘எஸ்’ஸும். பெரியவர்களும் தடுமாறும் இந்த இடம் தமிழில் இரண்டு உருபுகளின் வரிசையாகத் தெளிந்துவிடுகிறது.

‘இட்ஸ்’ என்பதில் குறி வேண்டுமா என்பதற்கும் தமிழே சோதனை. அந்த இடத்தில் ‘அதன்’ என்று வைத்துப் பார்க்க வேண்டும். ‘நாய் அதன் வாலை ஆட்டியது’ என்று பொருந்தினால் குறி வேண்டாம். ‘ஹிஸ்’, ‘ஹேர்ஸ்’, ‘தெயார்ஸ்’ எதிலும் குறி இல்லை என்பதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டலாம். ‘அதன்’ பொருந்தாவிட்டால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். விடுபட்ட எழுத்தின் இடத்தில் குறி நிற்கும்.

எது பிழை, எது நம்முடையது

திருத்த வேண்டியதையும் விட்டுவிட வேண்டியதையும் பிரிக்கத் தெரிய வேண்டும். ‘யூ ஆர் கமிங், நோ?’ என்று எங்கள் ஊரில் கேட்பது வழக்கம். நம் ‘தானே’யும் சிங்களத்தின் ‘நே’யும் சேர்ந்து கொடுத்த வழக்கு அது. ‘ஷோர்ட் ஈட்ஸ்’, ‘த்ரீவீலர்’ என்பவை இலங்கை ஆங்கிலத்தின் சொற்கள். மைக்கல் மெய்லர் 2007 இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதி இத்தகைய சொற்களைத் திரட்டிப் பதிவு செய்திருக்கிறது. இவற்றைப் பேசும் பிள்ளையை ‘பிழை’ என்று அதட்டத் தேவையில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ‘பாஸ் அவுட்’ ஆனேன் என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும்; இங்கிலாந்தில் மயங்கி விழுந்ததாகத்தான் நினைப்பார்கள். எங்கே, யாரோடு, பேச்சா எழுத்தா என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தால் போதும்.

ஆனால் ‘டிட் நொட் வென்ட்’டை இலங்கை ஆங்கிலம் என்று சொல்லித் தப்பிக்க நான் விடமாட்டேன். வேலை விண்ணப்பத்தில் அந்த வாக்கியத்தைக் காணும் அதிகாரி காகிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். கலஹா பக்கத் தோட்டத்திலிருந்து வந்த என் மாணவி ஒருத்தி, கண்டியில் ஹோட்டல் வரவேற்பாளர் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தை என்னிடம் கொண்டு வந்தாள். ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ’ என்று முடித்திருந்தாள். ‘தயவு செய்வது யார் பிள்ளை, நீயா அவரா?’ என்று கேட்டேன். ‘அவருதான் டீச்சர்’ என்றாள். ‘அப்ப கைண்ட்லியைத் தூக்கி அவர் பக்கம் வை’ என்றேன். அவளே பேனாவை வாங்கி வாக்கியத்தைத் திருப்பி எழுதினாள். அறிவுள்ள பிள்ளை. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க அதுவரை யாரும் இருக்கவில்லை.

பேராதனை வளாகத்து மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்தார்கள். தெரிந்தவன் கையில் அது ஆயுதம், தெரியாதவன் கழுத்துக்கு ஆபத்து. அங்கே ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984 இல் வெளிவந்த தம் கட்டுரைக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, ஆங்கிலத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். ஒருவர் பிழையாகப் பேசியதும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு அந்த வாளின் முனை. சிரிப்புக்குப் பயந்து வாயைத் திறக்காத பிள்ளைகள் எத்தனையோ பேரை வகுப்பின் பின்வரிசைகளில் பார்த்திருக்கிறேன். பிழைக்குக் காரணம் சொல்லிக் கொடுத்தால் பயம் போகும். என் பிழை முட்டாள்தனம் அல்ல, என் தமிழ் அங்கே வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளை கையைத் தூக்கும்.

எதிர்ப்பவர்களுக்கு

‘மொழியை அந்த மொழியிலேயே கற்பிக்க வேண்டும்’ என்பார்கள். கண்டியில் அதற்கு நல்ல சாட்சிகளும் உண்டு. புனித அந்தோனியார் கல்லூரி 1854, திரித்துவக் கல்லூரி 1872, மகளிர் உயர்தரப் பாடசாலை 1879, ஹில்வூட் 1890, கிங்ஸ்வூட் 1891 என்று இந்த நகரத்தில் எழுந்த பழைய கல்லூரிகளில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். விடுதியில், விளையாட்டுத் திடலில், ஆராதனையில் எல்லாம் ஆங்கிலம். அங்கே இலக்கணத்தை விளக்க வேறு மொழி தேவைப்படவில்லை. 1952 இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை அதுவல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்பது நாற்பது நிமிடப் பாடவேளை. மணி அடித்ததும் வீட்டில் தமிழ், கடையில் சிங்களம். மூழ்குவதற்கு ஆங்கிலம் அங்கே இல்லை. இருக்கிற நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடத்தைத் தமிழில் விளக்கச் செலவிட்டு, மீதி முப்பத்தைந்தில் ஆங்கிலத்தில் வாசிக்கவும் பேசவும் எழுதவும் வைப்பதே நான் கேட்பது. முழுப் பாடத்தையும் தமிழில் நடத்துங்கள் என்று கேட்கவில்லை. விதிகளை ஒப்புவிக்க வைத்துப் பாடவேளையைத் தீர்ப்பதையும் நான் எதிர்க்கிறேன்.

‘தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆங்கிலம் வராது’ என்பது இன்னொரு வாதம். இந்த மலைநாட்டின் வரலாறு அதை மறுக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை ஆங்கில நீதிமன்றங்களில் வழக்காடிய சட்டத்தரணி. அவரே 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். தலாத்துஓயாவின் கே. கணேஷ், முல்க்ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவலைத் ‘தீண்டாதான்’ என்று தமிழாக்கினார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டு மொழியிலும் காலூன்றி நின்றவர்கள் இவர்கள்.

தமிழ் தெரியாத ஆங்கில ஆசிரியர்கள் தமிழ்மொழிமூல வகுப்புகளுக்கு வருவதும் நடக்கிறது. அவர்களால் எப்படி ஒப்பிட்டுக் காட்ட முடியும் என்று கேட்கலாம். கையில் நூல் இருந்தால் முடியும்.

செய்ய வேண்டியது

மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஆங்கிலப் பாடநூலோடு சேர்த்து ஒரு மெல்லிய துணைநூல். சிங்களமொழிமூலப் பிள்ளைக்கும் தமிழ்மொழிமூலப் பிள்ளைக்கும் இன்று ஒரே ஆங்கிலப் பாடநூல். அதில் தவறில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதில்லை. தேசிய கல்வி நிறுவகம் தமிழ்ப் பிள்ளைக்கென்று ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கம் பக்கமாக வைக்கும் சிறு நூலைத் தயாரிக்கட்டும். சிங்களப் பிள்ளைக்கும் அப்படி ஒன்று வேண்டும். 1980 முதல் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துவரும் நாட்டுக்கு இது தாங்க முடியாத செலவல்ல.

இரண்டாவது, ஆசிரியர் பயிற்சி. தமிழ்மொழிமூலப் பாடசாலைக்குப் போகப்போகும் ஆங்கில ஆசிரியர் வேற்றுமை உருபுகளையும் முற்று எச்சங்களையும் மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுப் போக வேண்டும். பேராதனையில் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரு மேசையில் அமர்ந்தால் இந்தப் பயிற்சிக்குரிய பாடத்திட்டம் உருவாகிவிடும். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் அழைப்பு விடுத்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்களும் வருவோம்.

மூன்றாவது, தமிழ்ப் பாடத்தின் மீது கவனம். தமிழ் இலக்கணத்தில் பலவீனமான பிள்ளைக்கு ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது. ‘ஆங்கிலம் வந்தால் போதும், தமிழ் எப்படியோ வரும்’ என்று சொல்லித் தமிழ்ப் பாடத்தை அலட்சியம் செய்யும் பெற்றோர், பிள்ளையின் ஆங்கிலத்தையும் சேர்த்தே கெடுக்கிறார்கள்.

1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்ட பிறகு, அது காசு கொடுத்து டியூஷனுக்குப் போகிறவர்களின் தனிச் சொத்தாக இருக்க முடியாது. ‘மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம்’ என்று மதில்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களுக்குத் தோட்டத்துத் தாய்மார் தம் கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலையை அரசாங்கப் பாடசாலைதான் மாற்ற வேண்டும்.

துணைநூல் அச்சாகி வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பாடவேளையில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறுங்கள். இடப்பக்கம் ‘போனேன், போகவில்லை’. வலப்பக்கம் ‘வென்ட், டிட் நொட் கோ’. வேறு விளக்கம் எதுவும் கொடுக்காமல், இரண்டு பக்கத்திலும் என்ன மாறியிருக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள்.